கராம்பு மணத்த போத்தல்

ஜனவரி 5, திங்கள்

விடியலிலிருந்து காற்று. முருங்கைப் பூ முழுக்க வாசலில். கூட்டிவிடலாம் என்று விளக்குமாறை எடுத்தேன், ரிஸ்மியா பிடுங்கிக்கொண்டாள். ஊருக்கெல்லாம் ஆக்கிப் போடுகிற மனுஷன் வீட்டில் ஒரு தேத்தண்ணி போடமாட்டான் என்று கலியாணம் முடித்த நாளிலிருந்து குறை சொன்னவள். இப்போது என்னைக் குசினிப் பக்கமே விடுகிறாள் இல்லை.

பத்து மணிக்கு ஆஸ்பத்திரி. காய்ச்சலும் வயிற்றோட்டமும் போன மாதமே நின்றுவிட்டன. சாப்பாடு இறங்குகிறது, நடை வந்துவிட்டது. ஆனால் குடலில் அந்தக் கிருமி இன்னும் குடியிருக்கிறதாம். சல்மொனெல்லா. பச்சைக் கோழியிலிருந்து கைக்கு வந்திருக்கும் என்கிறார் டாக்டர் மிஸ். பெயரைக் கேட்டால் யாரோ வெள்ளைக்காரப் பெண்பிள்ளை மாதிரி.

"அப்ப குளிசை தாங்களே மிஸ்" என்றேன்.

"வழக்கமான குளிசைக்கெல்லாம் இது பழகிட்டு. சாகாது. உங்களுக்கு இப்ப வருத்தமும் இல்ல. சும்மா குடல்ல ஒளிஞ்சிருக்கிறதுக்குக் குளிசை குடுத்தா இன்னும் கனநாள் தங்கும். பொறுங்க. உடம்பே வெளியேத்திடும்."

பொறுக்கச் சொல்லுகிற டாக்டரை இப்போதுதான் பார்க்கிறேன்.

பின்னேரம் பீ.எச்.ஐ. மாத்தயா வீட்டுக்கே வந்தார். சுகாதாரப் பரிசோதகர், சிலாபம் பக்கத்துச் சிங்களவர், தமிழையும் சிங்களத்தில்தான் பேசுவார், என்னை அண்ணன் முறையில் நானா என்பார். "நானா, மலம் ரெண்டு போத்தல் லேப்புக்குத் தரணும். ஒரு கிழமை விட்டு ஒரு கிழமை. ரெண்டும் சுத்தம் எண்டு லேப் சொன்னா சமையல் கிடாரம் தொடலாம். அதுவரைக்கும் வேற ஆளுக்கு ஒண்டும் சமைக்க வாணாம். சரியா?"

சரியா என்றால்? 24ஆம் திகதி ஸஹ்லாவின் கலியாணம். என் ராத்தாவின் ஒரே மகள், அக்கா பிள்ளை. அவளுக்குக் கெம்பஸில் படிக்க இடம் கிடைத்த அன்றே வாக்குக் கொடுத்துவிட்டேன், உன் கலியாணப் புரியாணி மாமாவின் கையால்தான் என்று. கற்பிட்டியிலிருந்து பாலாவி வரை எத்தனை வீட்டுக்கு ஆக்கியிருக்கிறேன். இந்த ஒரு கலியாணத்துக்கு ஆக்கக் கிடைக்காமல் போனால்? எழுதவே மனம் வரவில்லை.

சும்மா கிடக்கிற கைக்கு இந்த டயறி.

ஜனவரி 7, புதன்

வந்தவர்கள், கொண்டுவந்தவை:

பக்கத்து வீட்டு மாமி. கருஞ்சீரக எண்ணெய், ஒரு போத்தல்.

பள்ளிவாசலில் பாங்கு சொல்லும் முஅத்தின். தேனில் ஊறவைத்த உள்ளிப் பூண்டு. வாயைத் திறந்தால் நானே ஓடவேண்டும் போல.

உடப்பிலிருந்து மீன் கொண்டுவரும் முருகேசு, எங்களைப் போலவே அண்ணனைக் காக்கா என்பவன். மாதுளம்பழத் தோலைக் காயவைத்து இடித்த மாதுளங்கோது. "காக்கா, மோருல கரைச்சுக் குடிங்க. எங்க வீட்டுல எல்லாருக்கும் இதுதான்."

ராத்தா. வெந்தயம், கூடவே போனில் அழுகை.

எல்லாவற்றிலும் கொஞ்சம் கொஞ்சம். வயிறு இப்போது பலசரக்குக் கடை. கிருமி போகுமோ தெரியாது. ஆனால் இத்தனை பேர் என் வயிற்றைப் பற்றிக் கவலைப்படுகிறார்களே. மாதுளங்கோதைக் குடித்துவிட்டு முகம் சுளித்துக்கொண்டே கண் கலங்கினேன். முருகேசு கசப்பு என்று நினைத்துக்கொண்டான்.

ஜனவரி 9, வெள்ளி

ஜும்ஆ முடிந்து வர ஸஹ்லா வாசலில். கெம்பஸிலிருந்து நேரே. கலியாணப் பெண் என்று யாரும் சொல்லமாட்டார்கள், முதுகில் புத்தக மூட்டை, முகம் வெயிலில் கறுத்து.

அவள் கடைசி வருஷம் ஆராய்வதே இந்தச் சாமானைத்தானாம். குளிசைக்குச் சாகாத கோழிக் கிருமி, அதைக் கொல்ல மரஞ்செடியிலிருந்து எண்ணெய். போனில் படம் காட்டினாள். ஒரு வட்டத் தட்டு, மேலே பாலாடை படிந்த மாதிரிக் கிருமி. நடுவில் நாலைந்து கடதாசிப் பொட்டு. குளிசை நனைத்த பொட்டைக் கிருமி உரசிக்கொண்டு நிற்கிறது, துளி பயமில்லை. கராம்பு எண்ணெய்ப் பொட்டைச் சுற்றி மட்டும் வெறும் வட்டம். எண்ணெய் மிதக்கிற சட்டித் தண்ணீரில் சவர்க்காரத் துளி விழுந்தால் விலகுமே, அப்படி.

"இது கடைக் கோழில எடுத்தது மாமா. உங்கட ஆளுட சொந்தக்காரன்."

"அப்ப அந்த எண்ணெய்ல ஒரு கரண்டி தா, குடிச்சிட்டுக் கிடாரத்துக்குப் போறன்."

"குடிச்சா முதல்ல உங்கட குடல்தான் வேகும். தட்டு வேற, வயிறு வேற மாமா. வயித்துக்குள்ள இது இப்பிடி வேல செய்யுமெண்டு யாரும் சொல்லேலா."

பிறகு எதற்கு இந்தப் பாடு என்று கேட்டேன். சில பண்ணைகளில் கோழிக்கு வருத்தம் வருவதற்கு முன்னமே தீனோடு மருந்து கலந்து கொடுப்பார்களாம். கொஞ்சம் கொஞ்சமாகத் தின்று கிருமி அதற்குப் பழகிவிடுகிறது. அந்த இடத்தில் கறுவாப்பட்டை, கராம்பு எண்ணெய் கொடுத்துப் பார்க்கலாமா என்பதுதான் இவர்கள் கேள்வி. "அது சரிவந்தா குளிசை மனுசனுக்கு மிஞ்சும்" என்றாள். அந்தச் சொல் மனதில் தங்கிவிட்டது.

நானும் என் பங்குக்கு ஒரு யோசனை சொன்னேன். கராம்பை மட்டும் போட்டால் காட்டம் தாங்காது. கறுவாவையும் சேர்த்தால் இரண்டும் கொஞ்சம் கொஞ்சம் போதும். புரியாணிக்கே அப்படித்தானே. பெரிய கண்டுபிடிப்பு என்று நெஞ்சை நிமிர்த்தினேன்.

"மாமா, அது என்ட ரிசேர்ச்சுட முதலாம் பக்கம்."

ரிஸ்மியா சிரித்த சிரிப்பில் அவளுடைய சொத்தைப் பல் வலி திரும்ப வந்துவிட்டது. ஸஹ்லா பையைத் துழாவி ஒரு குட்டிப் போத்தலில் கராம்பு எண்ணெய் கொடுத்தாள், பஞ்சில் தொட்டு வைக்க.

ஜனவரி 12, திங்கள்

முதல் போத்தல் கொடுத்தாயிற்று.

பட்ட வெட்கம் எனக்குத்தான் தெரியும். லேப்பில் இருக்கிற பிள்ளையின் ராத்தா கலியாணத்துக்கு நான்தான் ஆக்கினேன். அந்தப் பிள்ளையின் கையில் போய் இதைக் கொடுப்பதா? "கொண்டாங்க, நான் ஒழுங்காக் கட்டித் தாறன்" என்று ரிஸ்மியா வாங்கிக்கொண்டு போனாள். மூன்று பையில் சுற்றி, மேலே கடதாசி சுற்றி, பெருநாள் பரிசு மாதிரிக் கொண்டுவந்தாள்.

திரீவீல் ஆட்டோக்காரப் பொடியன் மூக்கை உறிஞ்சினான். "காக்கா, கலியாணச் சாமானா? நல்ல மணம்." பல்லுக்கு வைத்த எண்ணெய் ரிஸ்மியாவின் கையிலிருந்து பையில் பட்டிருக்கும் என்று நினைத்துக்கொண்டேன். ஓம் என்று தலையாட்டிவிட்டு வெளியே பார்த்தேன்.

ஜனவரி 15, வியாழன்

சுத்தம்! லேப் சொல்லிவிட்டது. ஒரு கிருமியும் முளைக்கவில்லை.

நன்றிக்கு இரண்டு ரக்அத் ஷுக்ர் தொழுதேன். ராத்தாவுக்குப் போன். அவள் அழுதாள், இந்த முறை சந்தோஷத்தில். டாக்டர் மிஸ் சொன்ன பொறுமை பலித்துவிட்டது. அல்லது மாதுளங்கோது. அல்லது உள்ளி. முருகேசுவுக்கும் முஅத்தினுக்கும் தனித்தனியாக நன்றி சொன்னேன், ஒவ்வொருவரும் தன்னால்தான் என்று நம்புகிறார். இருக்கட்டும்.

இன்னும் ஒரு போத்தல்தான். 19ஆம் திகதி கொடுத்தால் கலியாணத்துக்கு முன் பதில் வந்துவிடும்.

மதுரங்குளி ஹனீபாவுக்கும் போன் எடுத்தேன். நான் வராவிட்டால் அவர் ஆக்குவது என்று ராத்தா பேசி வைத்திருந்தாள். இரண்டு பேரும் ஒரே தொழில், ஒரே றோட்டு, ஆளுக்காள் முகம் கொடுக்காமல் எத்தனை வருஷம். "தேவயில்ல ஹனீபா, நானே பாத்துக்கிறன்" என்றேன். குரலில் கொஞ்சம் கெத்து கூடிவிட்டது என்று வைத்த பிறகுதான் விளங்கியது.

கிடாரம் இரண்டையும் தூரத்தில் நின்று பார்த்துவிட்டு வந்தேன்.

ஜனவரி 18, ஞாயிறு

மழை இல்லை. காற்றும் நின்றுவிட்டது.

ஸஹ்லா பின்னேரம் வந்தாள், கலியாணச் சாரிக்கு ரிஸ்மியாவிடம் அபிப்பிராயம் கேட்க. பல் எப்படி மாமி என்றாள். சுகம், ஆனால் எண்ணெய் முடிந்துவிட்டது, இன்னொரு போத்தல் கொண்டுவா என்றாள் ரிஸ்மியா.

"அவ்வளவும் பல்லுக்கா?"

"இல்ல மகள், மாமாட போத்தலுக்கும் ஊத்தினேன். லேப்ல அந்தப் பிள்ள மூக்கப் பொத்தப் போகுதே எண்டு வெக்கமாப் போச்சு. நல்ல மணமா இருந்திச்சு. நாளைக்கும் குடுக்கணுமே."

ஸஹ்லா சாரியை மடித்தாள். மடித்ததையே திரும்ப விரித்து மடித்தாள். எனக்கு அப்போதும் உறைக்கவில்லை. நல்ல வேலை செய்தாய் என்று ரிஸ்மியாவைப் புகழக்கூடப் பார்த்தேன்.

"என்ன மகள்?"

"மாமா, அந்த ரிசல்ட் உங்கட வயித்துட ரிசல்ட் இல்ல. கராம்புட ரிசல்ட்."

தட்டில் பார்த்த அந்த வெறும் வட்டம் கண் முன்னால் வந்தது. என் கிருமியைக் கொன்றது என் உடம்பு இல்லை. போத்தலுக்குள் என் மனைவி கொன்றிருக்கிறாள். வயிற்றுக்குள் இருப்பது அப்படியே இருக்கலாம், இல்லாமலும் போயிருக்கலாம். ஒருவருக்கும் தெரியாது.

ரிஸ்மியா முகத்தை மூடிக்கொண்டு அழுதாள். ஸஹ்லா அவள் முதுகைத் தடவினாள். போய்ச் சொல்லுங்கள் என்றும் சொல்லவில்லை, சொல்லாதீர்கள் என்றும் சொல்லவில்லை. போகும்போது மட்டும் என் கையைப் பிடித்தாள். அவள் கலியாணம், அவளுக்கும் ஆசை இருக்காதா.

மூன்று பேருக்குத்தான் தெரியும். நாளைக்கு எண்ணெய் இல்லாமல் போத்தல் கொடுத்து அது சுத்தம் என்று வந்தால் கிடாரத்தைத் தொடலாம். ஒருவரும் கேட்கப்போவதில்லை. ஆனால் இரண்டு பதிலில் ஒன்றுதான் உண்மையாக இருக்கும், மற்றது கராம்பின் பொய். இரண்டு கேட்டது சும்மாவா? வருகிற கூட்டத்தில் கைக்குழந்தைகள் இருக்கும். பிள்ளைத்தாய்ச்சிகள் இருப்பார்கள். குளிசைக்குச் சாகாததை அவர்களுக்குப் பரிமாறவா நான் வாக்குக் கொடுத்தேன்?

ரிஸ்மியாவிடம் ஒரு வார்த்தை கோபிக்கவில்லை. என் மானத்தை மறைக்கப் போனவள். அவளுக்குத் தேத்தண்ணி போட்டுக் கொடுக்க எழுந்தேன். குசினி வாசலில் ஞாபகம் வந்து நின்றுவிட்டேன்.

ஜனவரி 19, திங்கள்

சொல்லிவிட்டேன்.

பீ.எச்.ஐ. மாத்தயா முதலில் விளங்காமல் பார்த்தார். பிறகு கதிரையில் சாய்ந்து சிரித்தார், கண்ணாடியைக் கழற்றிக் கண்ணைத் துடைத்துக்கொண்டு சிரித்தார். "அனே நானா! லேப் மிஸ் சொன்னா, இந்தப் போத்தல் புரியாணி மணம் எண்டு. நான் சொன்னன், அவர் சமையல்காரர் தானே!"

சிரித்து முடிந்ததும் பைலில் சிவப்புப் பேனையால் வெட்டினார். முதலிலிருந்து தொடங்கவேண்டும். கலியாணத்துக்கு முன் முடியாது.

"நானா, நீங்க சொல்லாட்டி எனக்குத் தெரியாது தானே. ஏன் சொன்ன?"

மாத்தயா எழுந்து வந்து தோளில் கை வைத்தார். அந்தக் கை வைத்ததற்கு அவருக்கு நான் கடன்.

ராத்தாவிடமும் சொன்னேன். "நீ நல்லா இருந்தாக் காணும் தம்பி" என்றாள்.

ஜனவரி 20, செவ்வாய்

பஸ்ஸில் மதுரங்குளி. போனில் கெத்துக் காட்டியவன் நேரில் போய்த்தான் கேட்கவேண்டும்.

ஹனீபா வாசலில் வெங்காயச் சாக்கு இறக்கிக்கொண்டிருந்தார். நடந்ததை ஒன்றும் மறைக்காமல் சொன்னேன். குத்திக் காட்டுவார், கேட்டுக்கொண்டுதான் வரவேண்டும் என்று நினைத்தே போனது. அவர் அந்தச் சாக்கிலேயே உட்கார்ந்தார்.

"நான் எண்டா சொல்லியிருக்க மாட்டன்" என்றார். "வாறன். ஆனா உங்கட மசாலாக் கணக்குச் சொல்லித் தரணும். பிள்ள உங்கட ருசியத் தானே எதிர்பாக்கும்."

யாருக்கும் சொல்லாத கணக்கு. எல்லாம் சொன்னேன்.

ஜனவரி 22, வியாழன்

கதை ஊரெல்லாம் பரவிவிட்டது. தேத்தண்ணிக் கடையில் எனக்குப் புதுப் பெயர், கராம்புக் காக்கா. சிரித்தவர்களோடு சேர்ந்து நானும் சிரித்தேன். அதில் வலி இல்லை.

வலி வேறு. அடுத்த மாதம் பேசியிருந்த ஒரு வீட்டார் வேறு ஆள் பார்த்துவிட்டார்களாம். "அந்த மனிசன்ட கையால இனிச் சாப்பிடலாமா?" என்று அந்த வீட்டுப் பெண் கேட்டாளாம். நியாயமான கேள்வி. கிருமி ஒருநாள் போகும். இந்தக் கேள்வி போகுமா? நோன்பு வருகிறது. பள்ளியில் கஞ்சி காய்ச்சுவது ஒவ்வொரு வருஷமும் நான்தான்.

கருஞ்சீரகம் முடிந்தது என்று சொல்லுமுன் பக்கத்து வீட்டு மாமி இன்னொரு போத்தல் அனுப்பிவிட்டாள்.

ஜனவரி 25, ஞாயிறு

நேற்று கலியாணம். இன்றுதான் எழுத நேரம்.

ராத்தா வீட்டுப் பின்வளவில் ஹனீபாவின் அடுப்பு. நான் எட்டத்தில், மாமரத்துக்குக் கீழ், பிளாஸ்டிக் கதிரையில், கை கட்டி. காற்று என் பக்கம் அடித்தது, அதுவே போதும். நோன்பில் ருசி பார்க்காமல் கஞ்சி காய்ச்சிப் பழகிய மூக்கு. கொதி வரும்போது மணம் சப்பென்று இருந்தால் உப்புக் குறைவு. அதை வார்த்தையில் விளக்க எனக்கு வராது.

"ஹனீபா, உப்பு காணாது!"

அவர் நாக்கில் வைத்துப் பார்த்துவிட்டுக் கையைத் தூக்கினார். சரியாம். பந்தலில் இருந்தவர்கள் கைதட்டினார்கள். எனக்குத் தலைக்கனம் ஏறி, சற்றுப் பொறுத்து, "அடிப்பிடிக்குது, அடிப்பிடிக்குது!" என்று கத்தினேன். ஹனீபா பதறி நெருப்பை இழுத்தார். பக்கத்து வளவில் யாரோ குப்பை கொளுத்துகிறார்கள்.

சாப்பாட்டு நேரம். சஹனுக்கு ஆறு பேர் வட்டமாக உட்கார்ந்தார்கள். ஒரே பெரிய தட்டில் எல்லாக் கையும். நான் தனிப் பீங்கான் தட்டோடு மூலைக்குப் போனேன். டாக்டர் மிஸ் அவ்வளவு பயம் தேவையில்லை, சவர்க்காரம் போட்டுக் கை கழுவினால் போதும் என்றுதான் சொல்லியிருந்தார். எனக்கே மனம் ஒப்பவில்லை.

அப்போது மச்சான், ராத்தாவின் புருஷன், வெறும் சஹன் ஒன்றைத் தூக்கிக்கொண்டு வந்து என் முன்னால் வைத்தார். அதற்குள் என் பீங்கானை எடுத்து வைத்தார். பக்கத்தில் தன்னுடையதை வைத்தார். அடுத்து ஹனீபா, புகை மணக்க வந்து தன் பீங்கானையும் வைத்து உட்கார்ந்தார். முருகேசுவும். பிறகு மாப்பிள்ளையே வந்தார், புது உடுப்போடு. ஒரு சஹனுக்குள் ஐந்து பீங்கான், ஒன்றோடொன்று இடித்துக்கொண்டு.

"ஸஹ்லா சொல்லி அனுப்பினா" என்றார் மாப்பிள்ளை. "மாமா தனியாச் சாப்பிட்டா அவவே மேடைய விட்டு இறங்கி வருவாவாம்."

ஒரு பிடி எடுத்து வாயில் வைத்தேன். என் ருசிதான். ஹனீபா கறுவாவைக் கொஞ்சம் கூட்டியிருந்தார், சொல்லவில்லை. நன்றாகத்தான் இருந்தது.

யா அல்லாஹ், எனக்கு ஆக்கத் தராமல் இதைத் தந்தாய்.

பெப்ரவரி 3, செவ்வாய்

திரும்பவும் முதல் போத்தல் கொடுத்தேன். ரிஸ்மியா எண்ணெய், அத்தர், பன்னீர் எல்லாவற்றையும் அலுமாரியில் வைத்துப் பூட்டித் திறப்பை என்னிடம் தந்தாள். திரீவீல்காரன் இந்த முறை ஒன்றும் கேட்கவில்லை, முகத்தை வெளியே நீட்டிக்கொண்டே ஓட்டினான்.

பெப்ரவரி 12, வியாழன்

10ஆம் திகதி கொடுத்த இரண்டாவதும் சுத்தம். எண்ணெய் படாத போத்தல், குளிசை படாத வயிறு, என் உடம்பின் சொந்த வேலை. கிடாரம் தொடலாம் என்று மாத்தயா கடிதம் தந்தார். டாக்டர் மிஸ்ஸுக்குக் கொய்யாப்பழம் கொண்டு போய்க் கொடுத்தேன். குளிசை தராததற்கு.

ஸஹ்லா போனில் துள்ளினாள். அவள் வேலையும் நடக்கிறதாம். பண்ணையில் பார்க்க இன்னும் கனகாலம் எடுக்கும், சரிவராமலும் போகலாம், ஆனால் விடமாட்டேன் என்கிறாள். மருதாணி இன்னும் போகவில்லையாம், கெம்பஸ் லேப்பில் எல்லோரும் கையைப் பார்த்துக் கேலி.

பெப்ரவரி 19, வியாழன்

முதல் நோன்பு. வெயில் காட்டம், நாக்கு ஒட்டிக்கொண்டது.

நண்பகல் ளுஹர் தொழுகை முடிந்து பள்ளிக் குசினிக்குள் இறங்கினேன். கையை முழங்கை வரை சவர்க்காரம் போட்டுக் கழுவினேன், பிறகு இன்னொரு முறை. கோழியை வெட்ட ஒரு பலகை, மரக்கறிக்கு வேறு பலகை. அரிசி, தேங்காய்ப்பால், இஞ்சி, உள்ளி, ரம்பை, ஏலம், கறுவா, கராம்பு. கிடாரத்துக்கு முன்னால் போய் நின்றேன். உப்பு மூக்கில் சரியாக வந்தது.

அஸர் தொழுது வந்தேன். மற்ற வருஷங்களில் இதற்குள் கஞ்சிக்கு வருகிறவர்களின் வாளிச் சத்தம் கேட்டிருக்கும். இன்று முற்றம் வெறிச்சென்றிருந்தது. வாசலைப் பார்க்கப் பயம். முதுகைக் காட்டிக்கொண்டு கிண்டினேன். கிண்டத் தேவையில்லாத கஞ்சியைக் கிண்டினேன்.

"நானா."

பீ.எச்.ஐ. மாத்தயா. சாரம் கட்டிக்கொண்டு கிடாரத்தின் மறுபக்கம் வந்து நின்றார், கையில் டிபன் கேரியர். "எங்கட வீட்டுக்கும் கொஞ்சம். வீட்டு நோனா கேட்டா."

அகப்பையால் அள்ளி ஊற்றினேன். கொஞ்சம் வெளியே சிந்தியது. அவர் மூடப்போனவர் குனிந்து மணந்து பார்த்தார். புருவத்தைத் தூக்கினார்.

"நானா, இதில கராம்பு இருக்கு."

"ஓம் மாத்தயா. இதில இருக்கலாம்."

எனக்குப் பின்னால் ஒரு பெரிய சிரிப்பு. ஒருவர் இருவர் சிரிக்கிற சத்தம் இல்லை. திரும்பினேன். வாளியும் டிபனும் சட்டியுமாக வரிசை பள்ளிக் கேட்டைத் தாண்டி றோட்டில் நின்றது.